பர்மிட் சிமெண்டும் இன்றைய சிமெண்டும்

நம் சங்க உறுப்பினர்களில் மளிகைக்கடை வைத்திருப்பவர்களே அதிகம். சிமெண்டுக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். லெவி சர்க்கரையையும் கண்ட்ரோல் மண்ணெண்ணெயையும் பார்த்தவர்கள் நாம். அந்தச் சரக்குகளுக்கு நேர்ந்ததுதான் சிமெண்டுக்கும் நேர்ந்தது. ஒரு சரக்கு வரும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தால் கடைக்காரன் கதி என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ரஷ்யாவும் சீனாவும்

எதை எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதை முழுக்க அரசே திட்டமிட்ட நாடு சோவியத் யூனியன். 1950-இல் ஏறக்குறைய 1 கோடி டன் சிமெண்டு செய்த அந்நாடு, 1960-இல் 4.5 கோடி டன்னையும் 1970-இல் 9.5 கோடி டன்னையும் எட்டியது. இடையில் அமெரிக்காவையும் முந்தி உலகில் முதலிடம் பிடித்தது. 1989-இல் 14 கோடி டன். இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. கோடிக்கணக்கான மக்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறியது இந்தச் சிமெண்டால்தான்.

ஆனால் ஆலைக்கு வைத்த இலக்கு டன் கணக்கு. எத்தனை டன் என்று கேட்க அதிகாரி இருந்தார். எந்தத் தரத்தில், எந்த ஊருக்கு, எப்போது வேண்டும் என்று கேட்க வாடிக்கையாளர் இல்லை. தொடங்கிவிட்டு முடிக்காமல் கிடந்த கட்டடங்கள் அந்நாட்டுக்குத் தீராத தலைவலியாக இருந்தன. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. 1990-இல் 8.3 கோடி டன்னாக இருந்த ரஷ்யாவின் உற்பத்தி, 1998-இல் 2.6 கோடி டன்னுக்கு இறங்கிவிட்டது.

சீனா போன வழி வேறு. பெரிய ஆலைகளுக்காகக் காத்திராமல் ஊர்ப்புறங்களில் சிறு சிறு செங்குத்துச் சூளைகளைப் போட்டார்கள். 1970-களில் நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் இவற்றிலிருந்தே வந்தது. தரம் சுமார், புகையும் அதிகம். ஆனால் சரக்கு உள்ளூரிலேயே கிடைத்தது. 1978-க்குப் பிறகு சந்தைக்கு இடம் கொடுத்ததும் உற்பத்தி பாய்ந்தது. 1985 வாக்கில் சோவியத் யூனியனை முந்திய சீனா, 2014-இல் 249 கோடி டன்னைத் தொட்டது. பின்பு வீட்டுமனைத் தொழில் படுத்துவிட, 2024-இல் சுமார் 182 கோடி டன்னாகக் குறைந்துவிட்டது.

நம் நாட்டுக் கண்ட்ரோல்

நம் நாடு கம்யூனிஸ்ட் நாடு அல்ல. ஆலைகள் பெரும்பாலும் தனியாருடையவை. டால்மியாபுரம் ஆலை 1939-இலும், தாழையூத்து ஆலை 1949-இலும் வந்தவை. ஆனால் விலையும் விநியோகமும் சர்க்கார் கையில் இருந்தன. 1956-இல் விற்பனைப் பொறுப்பு அரசு வர்த்தகக் கழகத்துக்குப் போயிற்று. 1966-இல் கண்ட்ரோலை எடுத்தார்கள். 1968-இல் திரும்பவும் போட்டார்கள்.

பலன் என்ன? 1970-71-இல் 1.43 கோடி டன்னாக இருந்த உற்பத்தி, 1980-81-இல் 1.86 கோடி டன்தான். பத்து வருஷத்தில் கூடியது வெறும் 43 லட்சம் டன். நிர்ணயித்த விலையில் லாபம் நிற்காததால் புது ஆலை போட முதலாளிகள் முன்வரவில்லை. இருந்த ஆலைகளுக்கோ நிலக்கரி, மின்சாரம், ரயில் வேகன் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. தமிழக அரசே ஆலங்குளத்திலும் அரியலூரிலும் ஆலை கட்டியும் தேவைக்குப் போதவில்லை.

நம் பகுதிக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. ரயில் கூலியைச் சமப்படுத்தி, எந்த ஊர் ரயிலடியானாலும் ஒரே விலை என்று வைத்திருந்தார்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பூமியிலிருந்து சிதம்பரத்துக்குச் சில மணி நேர லாரிப் பயணம்தான். ஆனாலும் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒரு பைசா மலிவு கிடையாது.

அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு நினைவிருக்கும். கட்டட வரைபடத்தோடு மனு, அதற்குமேல் சிபாரிசு, பிறகு பர்மிட், அதற்கப்புறம் ஸ்டாக்கிஸ்டிடம் சரக்கு வரும்வரை காத்திருப்பு. ஐம்பது மூட்டை கேட்டவருக்கு இருபது கிடைத்தால் மீதியைக் கள்ள மார்க்கெட்டில்தான் வாங்க வேண்டும். பயந்துபோய் முன்கூட்டியே வாங்கி அடுக்கியவர்களுக்கும் நஷ்டம்தான். சிமெண்டு மூன்று மாதம் கிடந்தால் ஐந்தில் ஒரு பங்கு வலிமை போய்விடும் என்பது பொறியாளர்கள் சொல்லும் கணக்கு. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை ஈரக்காற்றில் அதற்கு முன்பே கட்டி தட்டிவிடும். வியாபாரி என்று பெயர்தான். பர்மிட் நம்பரைப் பேரேட்டில் பதிவதே ஸ்டாக்கிஸ்டின் வேலையாக இருந்தது.

1982 பிப்ரவரி 28-இல் பாதிக் கதவு திறந்தது. பழைய ஆலைகள் தங்கள் உற்பத்தித் திறனில் மூன்றில் இரண்டு பங்கை லெவியாகக் கொடுத்துவிட்டு, மீதியை வெளியில் விற்கலாம் என்றார்கள். 1989 மார்ச் 1 முதல் கண்ட்ரோல் முழுவதும் போயிற்று. 1990-91-இல் உற்பத்தி 4.88 கோடி டன். அடுத்த பத்தாண்டில் அதுவும் இரு மடங்கு. இன்று சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. 2004 சுனாமிக்கும் 2011 தானே புயலுக்கும் பிறகு நம் கடலோர ஊர்களில் கூரை வீடு போய்க் கான்கிரீட் வீடு எழுந்தபோது, சொந்தமாகக் கட்டியவர் பர்மிட்டுக்கு அலையவில்லை.

கதவு மறுபடி ஒடுங்குகிறதா?

இதோடு கதை முடிந்தது என்று நாம் இருந்துவிடக் கூடாது. சர்க்கார் விலை வைப்பதை விட்டால், கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைக்கும் ஆபத்து இருக்கிறது. 2012-இல் இந்தியப் போட்டி ஆணையம் சிமெண்டுக் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது இந்தக் குற்றச்சாட்டில்தான். கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. விலை ஏறியபோது தமிழக அரசு 2015-இல் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்டும், 2021-இல் வலிமை சிமெண்டும் கொண்டுவந்தது.

இப்போது ஆலைகள் கைமாறி வருகின்றன. அம்புஜா, ஏ.சி.சி. கம்பெனிகள் 2022-இல் அதானி குழுமத்துக்குப் போயின. நம் தாழையூத்தில் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வசம் வந்தது. கடையில் பல பெயர்களில் மூட்டை இருந்தாலும், விலை வைப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்லதே. அந்தக் குறைப்பு மூட்டை விலையில் நிலைக்க வேண்டுமானால் கம்பெனிகளுக்குள் போட்டி இருக்க வேண்டும்.

சிமெண்டு விற்கும் உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே கம்பெனியின் டீலராக மட்டும் நிற்காதீர்கள். குறைந்தது இரண்டு முதலாளிகளின் சரக்கு வையுங்கள். மூட்டையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பார்த்து, முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் இருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மளிகைக்காரர்களுக்கும் இதுவே பாடம். எண்ணெயோ, சோப்போ, பிஸ்கட்டோ, ஒரே வாசலில் கை ஏந்தி நின்றால் அந்த வாசலில் இருப்பது அதிகாரியா கம்பெனியா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. கொள்முதலுக்கு இரண்டு வழி வைத்திருப்பவன்தான் வியாபாரி.