துகள் பலகை அறைகலன்களில் கீறல்களையும் விளிம்பு உடைவுகளையும் சரிசெய்தல்

துகள் பலகை என்பது மரச் சீவல், மரத்தூள் போன்றவற்றைப் பிசினுடன் கலந்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் செய்யப்படும் பலகை ஆகும். மரக்கடைகளில் இது ‘பார்ட்டிக்கிள் போர்டு’ என்றும், மேற்பரப்பில் அலங்காரத் தாள் பதிக்கப்பட்டு வருவது ‘பிரீ-லேம் போர்டு’ என்றும் அழைக்கப்படுகிறது. விலை குறைந்த படிப்பு மேசை, துணி அலமாரி, தொலைக்காட்சித் தாங்கி, புத்தக அடுக்கு ஆகியவற்றில் பெரும்பாலானவை இதனாலேயே செய்யப்படுகின்றன.

பார்வைக்கு மரம் போல இருந்தாலும் பழுதுபார்ப்பில் இது மரம் அன்று. தேக்கு மேசையில் கீறல் விழுந்தால் இழைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பாலிஷ் போடலாம். துகள் பலகையில் அதையே செய்தால் நூலளவு கீறல் உள்ளங்கை அளவு பழுப்புத் திட்டாகிவிடும். எனவே பலகையின் அமைப்பை அறிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது அவசியம்.

பலகையின் அமைப்பு

துகள் பலகைத் தொழில் செருமனியில் தோன்றியது. வணிக நோக்கிலான உற்பத்தி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரேமன் நகரில் தொடங்கியது. நல்ல மரம் கிடைக்காத காலத்தில் கழிவு மரத்தைப் பயன்படுத்துவதே இதன் நோக்கமாக இருந்தது. இந்தியாவில் மரச் சீவலுடன் கரும்புச் சக்கையும் மூலப்பொருளாகப் பயன்படுகிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் சாதாரணத் துகள் பலகைக்கு ஐஎஸ் 3087, மேற்பரப்புத் தாள் பதித்த பலகைக்கு ஐஎஸ் 12823 ஆகிய தரங்கள் உள்ளன.

பொதுவாக இப்பலகை மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலும் கீழும் நுண்ணிய துகள்கள் நெருக்கமாக இருக்கும். நடுவில் பெரிய சீவல்கள் சற்றுத் தளர்வாக, காற்று இடைவெளிகளுடன் இருக்கும். துகள்களைப் பிணைக்கப் பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிகைடு பிசின் பயன்படுத்தப்படுகிறது. இந்தப் பிசின் ஈரத்தை அதிக நாள் தாங்காது.

பலகையின் மேல் நாம் காணும் மர வரி உண்மையான மரம் அன்று. தாளில் அச்சிட்ட படம். மெலமைன் பிசினில் ஊறவைத்த அந்தத் தாள் பலகையோடு சூடாக அழுத்தி ஒட்டப்படுகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதியே. மைக்கா எனப்படும் லேமினேட் தகடு ஒட்டியிருந்தால் மேற்பரப்பு சற்றுத் தடிமனாக இருக்கும். ஆனால் அதிலும் நிறமும் வரியும் மேல் அடுக்கில்தான் உள்ளன. தேய்த்தால் படம் போய்விடும். போன படத்தைப் பாலிஷ் கொண்டு வரவழைக்க முடியாது.

பலகையை அறுத்த இடத்தில் தளர்வான நடு அடுக்கு வெளியே தெரியும். அதை மூடவே விளிம்புப் பட்டை ஒட்டப்படுகிறது. பட்டை பெயர்ந்தால் அழகு மட்டும் குறைவதில்லை; தண்ணீர் உள்ளே நுழைய வழியும் திறக்கிறது.

சேதத்தை மதிப்பிடுதல்

முதலில் ஈரம் பிழிந்த துணியாலும் சிறிதளவு சோப்பு நீராலும் அந்த இடத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். கீறல் என்று கருதப்படுவது சில வேளைகளில் வேறு பொருள் உரசி ஒட்டிய கறையாக இருக்கும். அது துடைத்தாலே போய்விடும். பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடைபடாமல் சென்றால் அது மேற்கீறல். நகம் சிக்கி, உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தால் அது ஆழ்கீறல். துகள்கள் உதிர்ந்து பள்ளமாகியிருந்தால் அது உடைவு. பலகை தடித்து உப்பியிருந்தால் அது ஈரத்தால் வந்த சேதம். அதற்கான முறை வேறு.

மேற்கீறல்

இதற்கு நிரப்பு தேவையில்லை. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் அறைகலன் நிறப் பேனா அல்லது மெழுகுக் குச்சி போதும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது பலகையின் நிறத்தைவிடச் சற்று வெளிறியதில் தொடங்க வேண்டும். வெளிறிய நிறத்தின் மேல் அடர்நிறம் ஏற்றலாம். அடர்நிறம் ஏறிவிட்டால் குறைப்பது கடினம். கீறலின் மேல் மட்டும் தடவி, மிகுதியை உடனே மென்துணியால் துடைக்க வேண்டும். முதலில் மேசையின் அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஆழ்கீறல்

பள்ளத்தின் ஓரங்களில் பிசிறாக நிற்கும் தாளைக் கூரிய பிளேடால் நறுக்க வேண்டும். பிய்த்து இழுத்தால் நல்ல தாளும் கூடவே பெயரும். உள்ளே உள்ள தூசியை உலர்ந்த தூரிகையால் எடுத்த பின், கடின மெழுகை உருக்கியோ, நிறத்துக்கேற்ற மர மக்கை அழுத்தியோ பள்ளத்தை நிரப்பலாம். நீர் கலந்த மக்கு உலரும்போது சுருங்கும். ஆகவே ஒரே முறையில் நிரப்பாமல் இரண்டு மெல்லிய பூச்சுகளாக இடுவது நல்லது.

மிகுதியை நெகிழித் தகட்டாலோ பழைய ஏடிஎம் அட்டையாலோ மட்டமாக வழித்தெடுக்க வேண்டும். உப்புத்தாள் தவிர்க்க முடியாததாக இருந்தால், சுற்றியுள்ள பகுதியை ஒட்டு நாடாவால் மூடிவிட்டு, 320 எண் தாளால் மக்கின் மேல் மட்டும் மெதுவாகத் தேய்க்கலாம். இறுதியில் மெல்லிய தூரிகையால் மர வரியைத் தொடர்ந்து வரைந்து, நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு இட வேண்டும்.

விளிம்பும் மூலையும் உடைதல்

வீடு மாற்றும்போது அதிகம் நேர்வது இதுவே. உடைந்த துண்டு கிடைத்தால் அதைத் தூக்கி எறியக் கூடாது. வெள்ளைப் பசை தடவி அதே இடத்தில் பொருத்தி, கிளாம்ப் அல்லது ஒட்டு நாடாவால் இறுக்கி ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் கோடு மட்டுமே மிஞ்சும்.

துண்டு கிடைக்காவிட்டால் பின்வரும் வரிசையில் செய்யலாம்.

1. தளர்ந்த துகள்களைத் தூரிகையால் நீக்க வேண்டும்.
2. வெள்ளைப் பசையைச் சிறிதளவு நீரில் இளக்கி, உடைந்த பரப்பில் ஊறும்படி தடவி, முழுவதும் உலரவிட வேண்டும். உதிரும் துகள்களின் மேல் வைக்கும் மக்கு அவற்றோடு சேர்ந்தே விழுந்துவிடும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது.
3. நேரான மரச் சட்டத்தில் வழுவழுப்பான ஒட்டு நாடாவைச் சுற்றி, விளிம்பின் வெளிப்புறம் அணையாகக் கட்ட வேண்டும். நாடாவில் மக்கு ஒட்டாது.
4. இரண்டு பகுதிகளைக் கலக்கும் எப்பாக்சி மக்கை, நிற வேறுபாடு மறையும்வரை பிசைந்து, பள்ளத்தில் அழுத்தி நிரப்ப வேண்டும். மூலைக்கு மர மக்கைவிட இது உறுதியானது.
5. இறுகிய பின் அணையை நீக்கி, அரத்தாலும் 180, 240 எண் உப்புத்தாளாலும் வடிவம் கொடுத்து நிறம் பூச வேண்டும்.

விளிம்புப் பட்டையும் சேதமாகியிருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் புதிய பட்டை ஒட்டுவதே நேர்த்தி. பசை பூசியே வரும் பட்டையை, மேலே தாள் வைத்து, மிதமான சூட்டில் நீராவியின்றி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம். பிவிசி பட்டை அதிகச் சூட்டில் சுருங்கும். பசை இல்லாத பட்டைக்கு ரப்பர் பசையை இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத நிலைக்கு வந்தபின் அழுத்த வேண்டும். மிகுந்த ஓரத்தைக் கூரிய பிளேடால் சீவிவிடலாம்.

ஈரத்தால் உப்பிய பகுதி

தண்ணீர் குடித்து உப்பிய துகள்கள் உலர்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. அழுத்தி வைத்த துகள்கள் பிணைப்பை விட்டு விரிந்துவிடுவதே இதற்குக் காரணம். முதலில் ஈரம் வரும் வழியை அடைத்து, பலகையை நிழலில் பல நாள் முற்றிலும் உலர்த்த வேண்டும். பின் விரிசலுக்குள் பசை செலுத்தி, இருபுறமும் பாலித்தீன் தாளும் மரக்கட்டையும் வைத்துக் கிளாம்பால் இறுக்கினால் வீக்கம் ஓரளவு குறையும். முழுமையாக மறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பாதுகாப்பு

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூள், ஃபார்மால்டிகைடு இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியுள்ளது. ஆகவே தேய்க்கும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில், தூசிகாப்பு முகக்கவசம் அணிந்து செய்ய வேண்டும். தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் எடுக்க வேண்டும். கழித்த துண்டுகளை அடுப்பிலோ குளிர்காயவோ எரிக்கக் கூடாது. திறந்து கிடக்கும் விளிம்பை மூடுவது ஃபார்மால்டிகைடு வெளியேறுவதையும் குறைக்கிறது.

எப்போது சரிசெய்யக் கூடாது

மேற்கூறியவை தோற்றத்தையும் விளிம்பையும் காக்கும் முறைகள். இழந்த வலுவை அவை மீட்பதில்லை. நடுவில் தொய்ந்த புத்தகத் தட்டு, குறுக்காக விரிசல் விட்ட கட்டில் பலகை, ஈரத்தால் மாவாகிப்போன அலமாரிக் கால் ஆகியவற்றில் மக்கு வைத்து நிறம் பூசினால் ஆபத்து கண்ணுக்கு மறையுமே தவிர நீங்காது. அத்தகைய பலகையை மாற்றுவதே முறை. கீல் பிடித்த திருகாணித் துளை மட்டும் தளர்ந்திருந்தால் கதவைக் கைவிட வேண்டியதில்லை. துளையைப் பெரிதாக்கி, பசை தடவிய மரமுளையை அறைந்து, உலர்ந்தபின் அதில் சிறு துளையிட்டுத் திருகாணியை மீண்டும் முடுக்கலாம். கனமான அலமாரிகள் குழந்தைகள் மேல் சாயாதவாறு, பழுதுபார்த்த பின்னும் சுவருடன் பிணைத்து வைப்பது நலம்.