வன்புலத்தின் வளம்

நிலமெல்லாம் ஒரே தன்மையுடையது அன்று. காவிரி பாயும் கழனிகளில் மண்வெட்டியை எத்துணை ஆழமாக வீசினும் மண்ணே எதிர்ப்படும். கொங்கு நாட்டின் காங்கேயம், தாராபுரம், மூலனூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலோ, பல இடங்களில் ஒரு சாண் ஆழம் தோண்டுமுன்னரே கடப்பாரை 'ணங்' என்று பாறையில் மோதும். முன்னையதை மென்புலம் என்றும் பின்னையதை வன்புலம் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். மென்புலத்தின் வளத்தைப் புகழ்வார் பலர். வன்புலத்தின் அருமையை உணர்வார் சிலர். அவ்வன்புலத்தின் இயல்பையும், அதனை நம்பி மக்கள் வாழும் வகையையும் ஈண்டுக் காண்போம்.

கல்லும் மண்ணும் விரவிய மேட்டு நிலத்திற்கு முரம்பு என்பது பழம்பெயர். மரமடர்ந்திராத சிறு குன்றைக் கரடு என்பர். நிலத்தின்மேல் பரவிக் கிடக்கும் சிறு கற்களைச் சரளை என்பர். சுண்ணாம்பு திரண்டு இறுகிய கல்லைச் சுக்காங்கல் என்பர். இவ்வாறு ஒரு நிலத்தின் கூறுகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள் அமைந்திருத்தல், அந்நிலத்தோடு மக்கள் நெடுங்காலம் பழகியமைக்குச் சான்றாகும்.

இந்நிலத்தில் மண் ஏன் ஆழமின்றி இருக்கிறது? மண்ணுக்குத் தாய் பாறையே. பகல் வெயிலால் பாறை விரிகிறது; இரவுக் குளிரால் சுருங்குகிறது; நாளடைவில் வெடிக்கிறது. வெடிப்பினுள் மழைநீர் புகுந்து பாறையின் சில பொருள்களைக் கரைக்கிறது. செடிகளின் வேர் நுழைந்து அதனைப் பிளக்கிறது. இவ்வாறு பாறை பொடிந்து, இலை தழைகளின் மக்கோடு கலந்து மண்ணாகிறது. ஒரு விரற்கடை மண் உருவாவதற்கே பல நூறு ஆண்டுகள் செல்லும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைத் தடுத்துவிடுதலால், இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்து ஓய்ந்துவிடும். மழை குறைவாதலின் பாறை மெல்லவே மண்ணாகிறது. நிலம் சரிவாதலின் உண்டான மண்ணும் நீரோடு நழுவுகிறது. வரவு சிறிதாகவும் செலவு பெரிதாகவும் உள்ள வீட்டில் செல்வம் சேருவது எங்ஙனம்?

இத்தகைய மண் கொங்கு நாட்டிற்கே உரியது அன்று. பாறைக்குமேல் 25 சென்டிமீட்டருக்கும் குறைந்த ஆழமே உடைய மண்ணையும், கல்லே மிகுந்து மண் குறைந்த நிலத்தையும் மண்ணியல் அறிஞர் லெப்டோசால் என்னும் வகையுள் அடக்குவர். லெப்டோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மெல்லியது என்பது பொருள். உலகில் ஏறத்தாழ 165 கோடி ஹெக்டேர் நிலம் இவ்வகையைச் சார்ந்தது. மண் வகைகளுள் மிகப் பரந்தது இதுவே எனின், இதனைப் பற்றி அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

ஆழமற்ற மண் சிறிய பாத்திரத்தை ஒக்கும். சிறிது மழை பெய்தாலும் நிரம்பிவிடும். சில நாள் வெயில் அடித்தாலும் வறண்டுவிடும். ஆதலின் நாள்தோறும் நீர் வேண்டும் பயிர் இங்கு நிலைப்பதில்லை. நீர் கிடைக்கும்போது விரைந்து தழைத்து, கிடைக்காதபோது உறங்கிக் கிடக்கும் புல்லே இதற்கு ஏற்றது. கொழுக்கட்டைப் புல் அத்தகையது. கோடையில் அதன் தாள் காய்ந்து சருகாயினும், தூரும் வேரும் உயிரோடிருக்கும். முதல் மழை விழுந்த சில நாள்களில் பச்சைத் தளிர் எழும். அதன் வேர்த்தொகுதி வலைபோலப் பின்னி மண்ணைப் பற்றிக்கொள்ளும். நிலத்தின்மேல் கிடக்கும் சரளையும் வீணன்று. அது மழைத்துளியின் வேகத்தைத் தான் ஏற்றுக்கொண்டு மண்ணைக் காக்கிறது. ஈரம் விரைந்து ஆவியாகாதவாறும் மூடி நிற்கிறது.

இவ்வியல்பை நன்குணர்ந்த கொங்கு நாட்டு உழவர், இந்நிலத்தைக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடாக அமைத்தனர். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுற்றிலும் கிளுவைப் போத்துகளை நட்டு உயிர்வேலி எடுப்பர். முள்ளடர்ந்த அவ்வேலி கால்நடைகளை உள்ளே நிறுத்தும், காற்றையும் தடுக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும் வளரும். நரிப்பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். அவற்றின் வேர்கள் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி நீர் தேடும். புல் காய்ந்த கோடைக்காலத்தில் அம்மரங்கள் உதிர்க்கும் காய்கள் ஆடுமாடுகளுக்கு உணவாகும். ஒரு பகுதியில் புல் குறைந்தவுடன் படலைத் திறந்து மந்தையை அடுத்த பகுதிக்கு ஓட்டுவர். மேய்ந்த பகுதி இளைப்பாறித் தழைக்கும். புகழ்பெற்ற காங்கேயம் காளைகளும் மேச்சேரி ஆடுகளும் இக்காடுகளில் மேய்ந்து வளர்வன. கல்லிலிருந்து புல்லும், புல்லிலிருந்து பாலும் ஏர்க்காளையும் பெற்ற அறிவை என்னென்பது!

நான் சிறுவனாக இருந்தபோது கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். என் பாட்டனாரின் கொறங்காட்டை அடுத்து உறவினர் ஒருவருக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு இருந்தது. நிலக்கடலைக்கு நல்ல விலை வந்த ஓராண்டில், அவர் தம் காட்டின் புல்லையும் மரங்களையும் அகற்றி உழுதார். அவ்வாண்டு மழை அளவாகப் பெய்தது, விளைவும் நன்றாயிருந்தது. "பார்த்தீர்களா மாமா, ஆடு தின்ற காடு இன்று பணம் காய்க்கிறது!" என்று அவர் என் பாட்டனாரிடம் மகிழ்ந்து கூறினார். "ஒரு பெருமழை பெய்யட்டும் மாப்பிள்ளை, பிறகு பேசுவோம்" என்பதே பாட்டனாரின் விடை.

மறு ஆண்டு ஐப்பசியில் ஓரிரவு முழுவதும் அடைமழை பெய்தது. விடியற்காலையில் பாட்டனார் என்னை அழைத்துச் சென்று இரு காடுகளுக்கும் இடையிலிருந்த வேலியோரத்தில் நிறுத்தினார். எங்கள் காட்டிலிருந்து வடிந்த நீர் தெளிந்திருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து வந்த நீர் செங்காவி நிறமாகப் பெருகி ஓடிற்று. "தம்பி, ஓடுவது நீரன்று; அவர் பேரனுடைய சோறு" என்றார் பாட்டனார். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மண் அரித்துப்போனால், போனது பத்துக் கன மீட்டர் மண் என்பதைப் பிற்காலத்தில் கணக்கிட்டு அறிந்தேன். சில ஆண்டுகளில் அக்காட்டில் பாறை பல்லிளித்தது. பின்னர் அவரே வேலியைச் செப்பனிட்டுப் புல்விதை தூவினார். அந்நிலம் ஓரளவு பசுமை பெறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. போன மண் திரும்பவில்லை.

இற்றை நாளில் வன்புலத்திற்குப் புதிய இடர்கள் நேர்ந்துள்ளன. கொறங்காடுகள் பல வீட்டுமனைகளாகின்றன. சிலவற்றில் சீமைக் கருவேலம் புகுந்து புல்லை அழிக்கின்றது. ஏர் பூட்டும் வழக்கம் அருகிவிட்டமையால் காளைகளின் தேவையும் குறைந்தது. அதனோடு காட்டைப் பேணும் ஆர்வமும் குறைகின்றது. 'தரிசு' என்ற ஒரு சொல்லால் இந்நிலத்தைச் சுட்டிவிடுதல் இவ்விடர்களுக்கு இடம் தருகின்றது. நெல் விளையாத நிலமெல்லாம் தரிசு என்பது, பாடத் தெரியாதவரெல்லாம் ஊமையர் என்பது போலாகும்.

மாணவர்களே! ஒவ்வொரு நிலத்திற்கும் ஓர் ஆற்றல் உண்டு. ஓர் எல்லையும் உண்டு. ஆற்றலை அறிந்து பயன்கொள்ளுதலும், எல்லையை அறிந்து நின்றுகொள்ளுதலும் அறிவுடையார் செயல். அடுத்த முறை சரளைக் காட்டின் வழியே நடக்கும்போது சற்றுக் குனிந்து ஒரு புல்லின் தூரைப் பாருங்கள். பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த ஒரு பிடி மண்ணை அது காத்து நிற்பதைக் காண்பீர்கள். அப்புல்லைக் காப்பது நம் கடமையாகும்.