கமக்காரரும் சட்டசபையும்

ஒரு நாட்டின் சட்டங்களை ஆக்குவோர் யாவராயிருத்தல் வேண்டும் என்பது பழைய வினா. அரசியலையே தொழிலாகக் கொண்டு ஆண்டு முழுவதும் அவையில் அமர்ந்திருப்போரே அதற்கு உரியர் என்பர் ஒரு சாரார். நிலத்தை உழுவோரும் கடை நடத்துவோரும் பாடங் கற்பிப்போரும் வேண்டியபோது ஒன்றுகூடிச் சட்டம் இயற்றி, மீண்டும் தத்தம் தொழிலுக்குத் திரும்புதலே குடியாட்சிக்கு அழகு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டாவது கொள்கையை இன்றும் கைவிடாது போற்றிவரும் இடங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள மொன்டானா மாநிலம். அக்கொள்கையின் நன்மை யாது, அதற்குக் கொடுக்கவேண்டிய விலை யாது என்பவற்றை அறிவதற்கு, அம்மாநிலத்தின் மூதவையில் எட்டாண்டு அமர்ந்திருந்த ஜோன் டெஸ்டர் என்னும் கமக்காரரின் அரசியல் வாழ்வு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மொன்டானா ஏறத்தாழ 147,000 சதுர மைல் பரப்புடையது. இலங்கையைப் போல ஆறு மடங்கு எனலாம். ஆயினும் 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் பத்து இலட்சத்து எண்பத்து நாலாயிரம் பேர் மட்டுமே. மேற்குப் பகுதி மலைநாடு. கிழக்குப் பகுதி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் புல்வெளி. அப்புல்வெளியிலே கோதுமையும் வாற்கோதுமையும் பருப்பு வகைகளும் விளைகின்றன. மாட்டு மந்தைகள் மேய்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, குடியேறிப் பயிர் செய்வோருக்கு அரசாங்கம் நிலத்தை இலவசமாக வழங்கிற்று. 1909 ஆம் ஆண்டின் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 320 ஏக்கர் வரை அளித்தது. புகையிரதத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கினர். ஆனால் 1917 ஆம் ஆண்டை அடுத்து வந்த கடும் வரட்சி அவர்களுட் பலரை ஊரை விட்டே ஓட்டியது. எஞ்சி நின்றவர்களே பிற்கால மொன்டானாவின் கமக்காரக் குடும்பங்களாயினர். பிக் சாண்டி என்னும் சிற்றூரின் அருகே குடியேறி நிலைத்து நின்ற டெஸ்டரின் பாட்டனாரும் அத்தகையோருள் ஒருவர். அவர்களது கமம் 1,800 ஏக்கர். நம் செவிக்கு இது பெருநிலமாகத் தோன்றும்; மழை குறைந்த அப்புல்வெளியிலோ, ஒரு குடும்பம் பிழைப்பதற்கு அவ்வளவு நிலம் வேண்டும்.

இனி, அம்மாநிலத்தின் சட்டசபை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை நோக்குவோம். மூதவையில் 50 பேர், மக்கள் சபையில் 100 பேர். இச்சபைகள் ஆண்டுதோறும் கூடுவதில்லை. ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், தைமாதத் தொடக்கத்தையொட்டி, அதாவது ஜனவரி முதல் வாரத்தில், தலைநகராகிய ஹெலெனாவிலே கூடுகின்றன. கூட்டத்தொடர் 90 அமர்வு நாட்களுக்கு மேல் நீடித்தல் ஆகாது. ஏப்ரல் முடிவளவில் யாவரும் வீடு திரும்பிவிடுவர். ஊதியமும் மாதச் சம்பளமன்று. அமர்ந்த நாட்களுக்குரிய சிறு தொகையே.

இக்கால எல்லை தற்செயலாக அமைந்ததன்று. மாரிக்காலக் கோதுமையைச் செப்டம்பர் மாதத்தில் விதைத்தால், அது பனியின் கீழ் உறங்கிக் கிடந்து, அடுத்த கோடையில் அறுவடைக்கு வரும். வேனிற் கோதுமையை ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பர். இடைப்பட்ட மாதங்களிலே நிலம் உறைந்து கிடக்கும். உழவு இயந்திரத்துக்கு வேலை இல்லை. நிலம் ஓய்ந்திருக்கும் அக்காலத்திலே உழவன் சட்டசபைக்குச் செல்லலாம். பனி உருகும்போது மீளலாம். சட்டசபையின் பஞ்சாங்கத்தைக் கமத்தின் பஞ்சாங்கத்தோடு பொருத்தி வைத்தமையினாலேயே, ஏர் பிடிக்கும் கை சட்டம் எழுதவும் இயல்வதாயிற்று.

எனினும், இவ்வேற்பாட்டுக்கு மறுபுறமும் உண்டு. தொண்ணூறு நாட்களிலே நூற்றுக்கணக்கான மசோதாக்களைப் படித்து, ஆராய்ந்து, வாக்களித்தல் வேண்டும். உதவிக்கு ஆட்கள் சிலரே. நுணுக்கமான பொருள் பற்றிய மசோதா வருமிடத்து, அதனை நன்கறிந்தோர் பெரும்பாலும் அதனால் இலாபமடையக் கூடியவரேயாவர். மொன்டானாவின் வரலாறு இதற்குச் சான்று. அனகொண்டா என்னும் செப்புக் கம்பனியும் மொன்டானா மின்சாரக் கம்பனியும் நெடுங்காலம் அம்மாநில அரசியலை ஆட்டிப் படைத்தன. நாளேடுகளுட் பெரும்பாலானவற்றை அச்செப்புக் கம்பனியே தன்வசம் வைத்திருந்து, 1959 இலே தான் விற்றது. 1972 ஆம் ஆண்டிலே புதிய அரசியலமைப்பு வகுக்கப்பட்டமைக்கு, அப்பழைய ஆதிக்கத்தின் மீது மக்கள் கொண்ட வெறுப்பும் ஒரு காரணமாகும். அவ்வரசியலமைப்பு ஆண்டுதோறும் சபை கூடுதல் வேண்டுமென்றே முதலில் விதித்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுள், 1974 இலே, வாக்காளர்கள் பழைய முறையையே மீட்டுக்கொண்டனர். முழுநேர அரசியல்வாதிகள் தோன்றிவிடுவரென அவர்கள் அஞ்சினர்.

இருபத்து மூன்று ஆண்டுகளின் பின் அதன் விலை தெரிந்தது. 1997 ஆம் ஆண்டின் கூட்டத்தொடரிலே, மின்சார விலை மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை நீக்கி, அதனைச் சந்தைப் போட்டிக்கு விடும் மசோதா ஒன்று கொணரப்பட்டது. அதை மிக விரும்பியது மின்சாரக் கம்பனியே. போட்டி வந்தால் விலை குறையும் என்பது வாக்குறுதி. கூட்டத்தொடர் முடியுமுன் மசோதா நிறைவேறிற்று. அதனைக் கண்டு வெகுண்ட கமக்காரருள் ஒருவர் ஜோன் டெஸ்டர்.

டெஸ்டர் 1956 ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் கமத்தோடு இறைச்சிக்கடை ஒன்றையும் நடத்தினர். ஒன்பது வயதிலே, இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் அகப்பட்டு இடக்கையின் மூன்று விரல்களை இழந்தார். எஞ்சிய விரல்களோடும் ட்ரம்பெட் என்னும் ஊதுகருவியைப் பயின்று, 1978 இலே இசையில் பட்டம் பெற்றார். சிறிது காலம் ஊர்ப் பாடசாலையில் இசை கற்பித்தார். பின்னர் மனைவியோடு கமத்தையும் கடையையும் மேற்கொண்டார். 1980 களின் பிற்பகுதியிலே, செயற்கை உரமும் பூச்சி நாசினியும் இடாத இயற்கைப் பயிர்ச்செய்கைக்கு மாறினார். சந்தை விலை வீழ்ந்து, சிறு கமங்கள் பல மூடப்பட்டு வந்த காலம் அது. கூடுதல் விலை தரக்கூடிய விளைபொருளை நாடுதலே பிழைக்கும் வழியென அவர் கண்டார்.

அவரது பொதுவாழ்வின் முதற்படி ஊர்ப் பாடசாலைச் சபை. 1983 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு அதில் உறுப்பினராயிருந்தார். வரி எவ்வளவு அறவிடலாம், ஆசிரியருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பவற்றை, வரி கொடுக்கும் அயலவர் முகத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டிய இடம் அது. அரசியல் கற்பதற்கு அதனினும் சிறந்த பள்ளி இல்லை எனலாம். 1998 ஆம் ஆண்டிலே, மூதவையில் அப்பகுதியின் பிரதிநிதியாயிருந்த அயலவர் மீண்டும் போட்டியிடாது விலகினார். மின்சாரச் சட்டத்தின் மீது சினங்கொண்டிருந்த டெஸ்டர் ஜனநாயகக் கட்சியின் சார்பில் அவ்விடத்துக்கு நின்று வென்றார்.

அவர் அஞ்சியதற்கும் மேலாகவே நடந்தது. மின்சாரக் கம்பனி தன் அணைகளையும் நிலக்கரி மின் நிலையங்களையும் 1999 இலே வேற்று மாநிலக் கம்பனியொன்றுக்கு விற்றது. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவிலே மூண்ட மின்சார நெருக்கடியால் மேற்குப் பிரதேசமெங்கும் விலை வானளாவ உயர்ந்தது. பியூட் நகரின் செப்புச் சுரங்கம் மின் விலையைத் தாங்காது 2000 இலே வேலையை நிறுத்தியது. அணைகளை விற்றுப் பெற்ற பணத்தைத் தொலைத்தொடர்பு வியாபாரத்தில் இட்ட பழைய கம்பனி, பெயர் மாறி, 2003 இலே வங்குரோத்தாயிற்று. அதன் பங்குகளை முதுமைக்கால ஆதாரமாக நம்பியிருந்த குடும்பங்கள் பல சேமிப்பை இழந்தன. அணைகளை மாநிலமே வாங்குதல் வேண்டும் என்ற யோசனை 2002 ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பிற்கு வந்தது. ஆனால் பெருந்தோல்வி கண்டது. மலிவான நீர்மின்சாரத்தை ஒருமுறை கைநழுவவிட்டால் மீட்பது எத்துணை அரிது என்பதை மொன்டானா இவ்வாறு கற்றுக்கொண்டது.

மூதவையிலே டெஸ்டர் சிறுபான்மைக் கட்சியின் உறுப்பினராகத் தொடங்கி, 2003 இலே அதன் தலைவரானார். 2004 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரது கட்சி 27 ஆசனங்களைப் பெற்று, பத்தாண்டு காலத்தின் பின் பெரும்பான்மை எய்தவே, 2005 இலே மூதவையின் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். அக்கூட்டத்தொடரிலே அவர் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம் முக்கியமானது. மின் வழங்கும் கம்பனிகள், 2015 ஆம் ஆண்டளவில், தாம் விற்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 15 வீதத்தைக் காற்று, சூரிய ஒளி முதலிய புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுதல் வேண்டுமென அது விதித்தது. இடையறாது காற்று வீசும் அப்புல்வெளியிலே காற்றாலைக்கு இடந்தரும் கமக்காரன், கோதுமை பொய்த்த ஆண்டிலும் வாடகை பெறுவான். மின்சாரத்தின் விலையும் கமத்தின் வருவாயும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை உணர்ந்தவர் செய்த சட்டம் அது.

ஆயினும் அவர் அப்பதவியில் நிலைக்க இயலவில்லை. ஒரே சபையில் பதினாறு ஆண்டு காலத்துள் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் அமர்தல் ஆகாதென 1992 இலே வாக்காளர்கள் விதித்திருந்தனர். தொழில் அரசியல்வாதிகள் தோன்றாதிருக்கும் பொருட்டு இடப்பட்ட மற்றோர் வேலி அது. இதனால், அலுவலைக் கற்றுத் தேர்ந்த வேளையிலே உறுப்பினர் வெளியேற, அனுபவம் யாவும் மீண்டும் கம்பனிகளின் பிரதிநிதிகளிடமே தங்கிவிடுகிறது.

டெஸ்டர் 2006 இலே வாஷிங்டனிலுள்ள ஐக்கிய அமெரிக்க செனற் சபைக்குப் போட்டியிட்டார். பதினெட்டு ஆண்டு அப்பதவியிலிருந்த கொன்றாட் பேர்ன்ஸ் என்பாரை, நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளுள் 3,562 வாக்குகளால் வென்றார். அங்கோ ஆண்டு முழுவதும் சபை நடைபெறும். கமத்தின் பஞ்சாங்கத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. எனினும் அவர் நிலத்தைக் கைவிடவில்லை. வார முடிவுகளில் விமானமேறிச் சென்று, விதைப்பையும் அறுவடையையும் தாமும் மனைவியுமாகச் செய்தார். தம் கமத்து இறைச்சியைப் பெட்டியிலிட்டுத் தலைநகருக்குக் கொண்டுசென்று உண்டார் என்பது ஊரறிந்த செய்தி.

அக்கமத்து அனுபவம் சட்டத்திலும் வெளிப்பட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இலே விவாதிக்கப்பட்டபோது, பெருந்தொழிற்சாலைகளுக்கு வகுத்த விதிகள் சிறு கமங்களை நசுக்கிவிடும் என்று அவர் வாதித்தார். ஆண்டுக்கு ஐந்து இலட்சம் டாலருக்குக் குறைவாக விற்று, அதிற் பெரும்பகுதியை நுகர்வோருக்கோ அயலிலுள்ள கடைகளுக்கோ நேரே விற்கும் கமங்களுக்கு விதிவிலக்கு அளிக்கும் திருத்தத்தை, கே ஹேகன் என்பவரோடு சேர்ந்து நிறைவேற்றினார். 2011 இலே, தம் மாநிலத்தின் ஓநாய்களை அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கும் விதியை வரவுசெலவு மசோதாவிற் சேர்ப்பதற்கு முன்னின்றார். மந்தை வளர்ப்போர் மகிழ்ந்தனர். வனவிலங்குகளைக் காப்போர் கண்டித்தனர். உயிரினமொன்றின் கதியை ஆராய்ச்சியாளரன்றிச் சட்டசபையே தீர்மானித்தல் முறையாகாது என்ற அவர்களது கண்டனம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. கமக்காரன் சட்டம் செய்யுமிடத்து, கமத்தின் நலனோடு அதன் சார்பும் உடன் வரும்.

2012 இலும் 2018 இலும் மீண்டும் வென்ற டெஸ்டர், 2024 இலே குடியரசுக் கட்சி வேட்பாளர் டிம் ஷீஹியிடம் தோற்று, 2025 ஜனவரியிலே பதவி நீங்கினார். வேட்பாளரின் ஊரையும் உழைப்பையும் அறிந்து, கட்சி பாராது வாக்களித்த மொன்டானா வழக்கம் அதற்குள் மெலிந்து போயிருந்தது. நாடெங்கும் நிகழ்ந்தவாறே, அங்கும் கிராமங்கள் கட்சி நோக்கி ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன.

அவரது செயல்களுள் நிலைத்தவை எவை? விற்கப்பட்ட அணைகளை 2014 இலே மொன்டானாவுக்கு மின்சாரம் வழங்கும் கம்பனி ஏறத்தாழ 90 கோடி டாலர் கொடுத்து மீட்டது. அச்செலவு மின் கட்டணத்திலேயே ஏறிற்று. புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சட்டத்தை 2021 ஆம் ஆண்டின் சட்டசபை நீக்கிவிட்டது. அச்சட்டத்தின் காலத்தில் எழுந்த காற்றாலைகள் நிற்கின்றன. சிறு கமங்களுக்கான விதிவிலக்கு இன்றும் சட்டத்தில் உள்ளது.

கமக்காரர் அவைக்கு வருவதற்குக் கதவைத் திறந்து வைத்தது மொன்டானாவின் குறுகிய கூட்டத்தொடர். 1997 ஆம் ஆண்டின் மின்சார மசோதா விரைந்து நுழைந்ததும் அக்கதவின் வழியாகவே. எளியவன் வந்தமர்ந்தால் மட்டும் போதாது. வந்தவன் மசோதாவைப் படித்துணர்வதற்குரிய காலமும், கம்பனிகளைச் சாராத அறிஞரின் துணையும் அவனுக்கு வேண்டும். அவற்றைக் கொடாது ஆசனத்தை மட்டும் கொடுக்கும் சபையிலே, உழவன் கையுயர்த்துவான். சட்டத்தை எழுதுபவர் வேறொருவராயிருப்பர்.