"வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" சைக்கிள்காரர்களுக்கு தினம் ஒரு கண்டம்!

சென்னையில் சைக்கிள் ஓட்டும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. லாரி டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்பார். ஆட்டோக்காரர் கேட்பார். மீசை முளைக்காத பைக் பையனும் கேட்பான்.

"யோவ் பெர்சு! வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். கேட்டவர் பறந்துவிடுவார். கேட்கப்பட்டவர் ஒன்றும் பேசாமல் பெடலை மிதிப்பார்.

ரோட்டில் இது வேடிக்கைப் பேச்சு. ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் வேடிக்கை இல்லை. சைக்கிளில் போய் அடிபட்டு விழுந்தவர் யார், எந்த ஊர், யாருக்குச் சொல்லி அனுப்புவது... அங்கே முதல் கேள்வியே அதுதான்.

யார் இவர்கள்?

"இப்போ யார் சார் சைக்கிள் ஓட்றாங்க?" என்று கேட்பவர்கள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ரோட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். பேப்பர் போடும் பையன், பால் பாக்கெட் போடுபவர், கேரியரில் டீ கேன் கட்டியவர், இட்லி அண்டா வைத்திருப்பவர், மேஸ்திரி கூப்பிட்ட இடத்துக்குப் போகும் சித்தாள், நைட் டூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பும் வாட்ச்மேன். எல்லோரும் சைக்கிள்தான்.

பொழுது விடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள். ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு 2001-ம் ஆண்டுவாக்கில் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-க்குப் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ்-1 பிள்ளைகள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த சைக்கிளைப் பிள்ளை பள்ளிக்கு ஓட்டும். பள்ளி விட்டு வந்ததும் அப்பா வேலைக்கு ஓட்டுவார். ஒரு வண்டி, இரண்டு ஷிப்டு!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலைக்கவசம், கையுறையோடு கியர் சைக்கிளில் பறக்கிறவர்களும் உண்டு. அவர்கள் ஆசைக்கு ஓட்டுபவர்கள். இவர்கள் பிழைப்புக்கு ஓட்டுபவர்கள்.

ஓரம் எங்கே?

வியாசர்பாடியில் குடியிருக்கிறார் ஒரு வாட்ச்மேன். வயது 58. கீழ்ப்பாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் ராத்திரி காவல். போக வர சைக்கிள். பஸ்சுக்குக் கொடுக்கும் காசில் ஒரு வேளை சாப்பாடு ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

ரோட்டில் தனக்கு மற்றவர்கள் சொல்லும் ஒரே புத்திமதி "ஓரமாப் போ" என்பதுதான் என்கிறார் அவர்.

"ஓரமாப் போ, ஓரமாப் போன்றாங்க. ஓரத்துல எங்க சார் ரோடு கீது? மண்ணு கீது. ஜல்லி கீது. காரு நிக்குது. அதையும் தாண்டினா எதுத்தாப்ல ராங் சைடுல பைக்கு வர்றான். அவனும் என்னைப் பார்த்துதான் ஓரமாப் போன்றான்!"

அவர் சொல்வதில் கொஞ்சம்கூட மிகை இல்லை. தார் போடும்போது நடு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. ஓரம் பள்ளமாகிறது. மழைத் தண்ணீர் வடிய அங்கேதான் இரும்புக் கம்பிச் சட்டம். சாதாரண சைக்கிள் டயர் ஒன்றரை அங்குல அகலம். சட்டத்தில் கம்பிகள் ரோட்டுக்கு நேர்கோட்டில் இருந்து, இடைவெளியும் பெரிதாக இருந்தால் முன் சக்கரம் நேராக உள்ளே இறங்கிவிடும். வண்டி அங்கேயே நிற்கும். ஆள் மட்டும் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் விழுவார்.

அந்தக் காலத்தில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி விழுந்தவர்கள் உண்டு. 1953-ல் டிராம் நின்றது. அந்த வேலையை இப்போது கேபிள் புதைக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிய பள்ளங்கள் செய்கின்றன. தோண்டியவர் ஒருவர், மூடியவர் ஒருவர், விழுபவர் வேறொருவர்.

நிற்கிற கார் இன்னொரு எமன். உள்ளே இருப்பவர் செல்போனைக் காதில் வைத்தபடி படீரென்று கதவைத் திறப்பார். சைக்கிள்காரர் கதவில் மோதினால் தோள்பட்டை போகும். மோதாமல் வலது பக்கம் ஒடித்தால் பின்னால் வருவது பஸ்சா, லாரியா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

ஓட்டேரி, புரசைவாக்கம் பக்கம் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்தார்கள். ரோடு சந்தாக ஒடுங்கியது. பஸ்சுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இடம். அதில்தான் இந்த வாட்ச்மேன் நுழைந்து வந்தார். "மூச்சைப் புடிச்சினு போவேன்" என்கிறார். சைக்கிள் பாதைகள் வேண்டும் என்று மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்து ஏற்றுக்கொண்டது. அவர் போகும் வழியில் ஒரு கெஜம் பாதையைக்கூட அவர் பார்த்ததில்லை.

லாரியின் இடுப்பு

வட சென்னை சைக்கிள்காரர்கள் அதிகம் பயப்படுவது கன்டெய்னர் லாரிக்கு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நிற்கிற லாரியால் தொல்லை இல்லை. இடது பக்கம் திரும்புகிற லாரிதான் ஆளைக் கொல்லும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீளமான வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் தாண்டிவிட்டது, இனி பயம் இல்லை என்று சைக்கிள்காரர் பக்கத்திலேயே நிற்பார். லாரியின் இடுப்பு அவரைத் தேடி வரும். ஓரத்தில் ஒட்டி நிற்கும் சைக்கிள் டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிவதும் இல்லை. கத்தினாலும் கேபினுக்குள் கேட்காது. சைக்கிள் பெல்லின் "கிணிங் கிணிங்" எந்த மூலைக்கு?

சிக்னலில் லாரியின் இடது பக்கம் நிற்காதே, பின்னால் நில். அனுபவப்பட்டவர்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இது. பின்னால் நின்றால் புகையைக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டுப் போகலாம்.

தண்ணீர் கேன் போடுபவர்களுக்கு வேறு கஷ்டம். ஒரு கேன் 20 லிட்டர். நாலு கேன் தொங்கவிட்டால் 80 கிலோ! இந்தப் பாரத்தோடு மேம்பாலத்தில் ஏற முடியாது, இறங்கித் தள்ள வேண்டும். கீழே இறங்கும்போது பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது. செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவார்கள். இவர்கள் செருப்பு இரண்டு மாசம் தாங்கினால் அதிசயம்.

மழை வந்தால் கேட்கவே வேண்டாம். பழைய மாடல் கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை இரும்பு ரிம்மைப் பிடித்து நிறுத்த வேண்டும். ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும். பத்தடியில் நிற்க வேண்டிய வண்டி முப்பதடி போகும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கிய நாட்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவர்களை வியாசர்பாடி, புளியந்தோப்பு வாசிகள் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறார்கள்.

பட்டம் விடும் காலத்தில் மாஞ்சா நூல். போலீசார் தடை போடுகிறார்கள், பிடிக்கிறார்கள். நூல் மட்டும் மறுபடியும் வானத்தில் இருக்கிறது. கழுத்து உயரத்தில் குறுக்கே வந்தால் கண்ணுக்கே தெரியாது.

லைட் இல்லை!

ஒரு காலத்தில் லைட் இல்லாத சைக்கிளைப் போலீசார் மடக்குவார்கள். டைனமோ வாங்க வக்கில்லாதவர்கள் காகிதக் கூம்புக்குள் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு போலீஸ்காரரைத் தாண்டிப் போவார்கள். தாண்டியதும் ஊதி அணைப்பார்கள். டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். பின்னால் உட்கார்ந்தவர் முனைக்கு முன்பே குதித்து நடந்து போய், அடுத்த முனையில் ஏறிக்கொள்வார்.

இன்று யாரும் மடக்குவதில்லை. லைட் இருக்கிறதா என்று கேட்க ஆளும் இல்லை. டைனமோ மறைந்துவிட்டது. புது சைக்கிளில் ரிப்ளெக்டர் கட்டாயம் என்று 2020-ல் மத்திய அரசு ஆணை போட்டது. ஓடுகிற பழைய வண்டிகளுக்கு யார் ஒட்டுவது?

"பின்னாடி மட்கார்டுல ஒரு செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கன்னு சொல்றேன் சார். டீ காசுதான் ஆகும். கேக்க மாட்றாங்க" என்கிறார் மிண்ட் பகுதியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர். நாற்பது வருஷமாக சைக்கிளைத் தவிர வேறு எதையும் தொடாதவர். ராத்திரியில் நசுங்கி வரும் சைக்கிள்களில் பெரும்பாலும் பின் சக்கரம்தான் எட்டு போல வளைந்திருக்கும் என்கிறார். பின்னால் வந்தவனுக்குக் கண் தெரியவில்லை என்று அர்த்தம்.

அடையாளம் தெரியாதவர்

இப்படி ராத்திரியில் அடிபடுபவர்களைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வரும். "அடையாளம் தெரியாத வாகனம் மோதி சைக்கிளில் சென்றவர் பலி. வயது சுமார் 50. கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். அவர் யார் என்று தெரியவில்லை."

மோதியதும் யாரென்று தெரியவில்லை. செத்ததும் யாரென்று தெரியவில்லை.

பைக்கில் போகிறவர் அடிபட்டால் நம்பர் பிளேட் இருக்கிறது, டிரைவிங் லைசென்சு இருக்கிறது. அரை மணியில் வீட்டுக்குத் தகவல் போய்விடும். சைக்கிளுக்கு நம்பரும் கிடையாது, லைசென்சும் கிடையாது. செல்போன் இருந்தால் விழுந்த வேகத்தில் நொறுங்கியிருக்கும், அல்லது பூட்டு போட்டிருக்கும். வீட்டிலோ, "மழை போல இருக்கு, எங்கேயாவது ஒதுங்கியிருப்பார்" என்று காத்திருப்பார்கள். காலையில் ஒரு ஸ்டேஷன், மத்தியானம் ஒரு ஆஸ்பத்திரி என்று அலைவார்கள்.

உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கித் தகர வில்லை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. செயின் கார்டில் பெயரைப் பெயிண்டில் எழுதிக்கொள்வது அப்போது பேஷன். பஞ்சர் கடைப் பெரியவர் இப்போதும் எழுதித் தருகிறார். பெயர், வீட்டு போன் நம்பர் இரண்டும் பின் மட்கார்டில். "சீட்டுக்கு அடியில ஒரு அட்டையில எழுதி பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சாலும் போதும் சார். ஆனா வெளிய தெரியற மாதிரி எழுதினாத்தான் போலீசுக்குச் சுளுவு" என்கிறார்.

பணம் உண்டு, கேட்பவர் இல்லை

இடித்துவிட்டு ஓடிய வண்டி கிடைக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்றே பல குடும்பங்கள் நினைத்துச் சும்மா இருந்துவிடுகின்றன. இது தவறு.

2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலில் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி, மோதிய வாகனம் எது என்று தெரியாவிட்டாலும் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் உண்டு. படுகாயத்துக்கு ரூ.50 ஆயிரம். அதற்கு முன் இது ரூ.25 ஆயிரமும் ரூ.12,500-ம் ஆகத்தான் இருந்தது. விபத்து எந்தத் தாலுகாவில் நடந்ததோ, அங்குள்ள விசாரணை அதிகாரியான வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். எப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாள அட்டை, பேங்க் பாஸ்புக் நகல் வேண்டும். ஆகவே எப்.ஐ.ஆர். போடாமல், "போகட்டும், விதி" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

வண்டி நம்பர் தெரிந்துவிட்டால் வழி வேறு. சென்னையில் சிறு வழக்குகள் கோர்ட்டில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். "நம்ம சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் இல்லியே" என்று தயங்க வேண்டாம். கணக்கு மோதிய வண்டியின் இன்ஷூரன்ஸ்தான்.

அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஒருவரும் தொட மாட்டார்கள். கேஸ், கோர்ட்டு என்று பயம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, நல்ல எண்ணத்தோடு தூக்கிப் போகிறவர் மேல் வழக்குப் போட முடியாது. விருப்பம் இல்லாவிட்டால் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். 108-க்குப் போன் செய்யலாம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் தருவதற்கான தமிழக அரசின் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதன் பட்டியலில் தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு.

மிஸ்டு கால்

இதெல்லாம் வியாசர்பாடி வாட்ச்மேனுக்குத் தெரியாது. சொன்னபோது, "ரெண்டு லட்சமா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு, "அத்த வெச்சினு அவ இன்னா பண்ணுவா?" என்றார்.

போன மாசம் பஞ்சர் கடைக்குப் போய் மட்கார்டில் நம்பர் எழுதிக்கொண்டு வந்தார். சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது. ராத்திரி 8 மணிக்கு சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். கீழ்ப்பாக்கம் போய்ச் சேர்ந்ததும் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.

அவர் சம்சாரம் அது வரும்வரை சாப்பிட உட்காருவதில்லை. வழக்கமாக 8.40-க்கு வந்துவிடும். மழை நாளில் 9 மணியும் ஆகும்.