அவரை பூக்கவில்லையா? விளக்கடியில் ஒரு தொட்டி வையுங்கள்

திண்டுக்கல் சமவெளியில் ஆடிப்பட்டத்தில் ஊன்றிய பந்தல் அவரை கார்த்திகையில் பூத்து, மார்கழி, தை மாதங்களில் காய்த்துத் தள்ளும். அதே விதையை மாசியில் ஊன்றினால் கொடி பந்தலை மூடும், இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ மட்டும் வராது. சத்து போதவில்லையோ என்று யூரியாவை இடுவார்கள். கொடி இன்னும் கொழுக்குமே தவிரப் பூக்காது. கிணற்றுத் தண்ணீரும் கூலியும் வீண்.

குறை மண்ணிலும் இல்லை, உரத்திலும் இல்லை. நம் நாட்டுப் பந்தல் அவரை இரவின் நீளத்தைக் கணக்கிட்டே பூக்கும் பயிர். திண்டுக்கல்லில் ஆனி மாதத்தில் பகல் ஏறக்குறைய 12¾ மணி நேரம். மார்கழியில் 11½ மணி நேரம். இந்தச் சிறு வித்தியாசத்தை நாம் உணர்வதுகூட இல்லை. அவரைக்கொடி உணர்கிறது.

இந்த உண்மை புகையிலையில்தான் முதலில் தெளிவாயிற்று என்பது வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னர், அல்லார்டு என்ற இரு விஞ்ஞானிகள், கோடை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை ரகத்தைத் தொட்டியில் வளர்த்தார்கள். மாலை நேரத்திலேயே தொட்டிகளை இருட்டறைக்குள் வைத்து, மறுநாள் காலையில் வெளியே எடுத்தார்கள். செடிகள் கோடையிலேயே பூத்தன. இந்த முடிவை 1920-ல் வெளியிட்டார்கள். செடி கணக்கிடுவது பகலை அல்ல, இடைவிடாத இருட்டையே என்பது பிற்பாடு தெரிய வந்தது. நடு இரவில் சிறிது நேரம் விளக்கு எரிந்தாலும் அந்தக் கணக்கு கலைந்துவிடும். பசுமைக்குடில்களில் செவ்வந்தி பூப்பதைத் தள்ளிப்போட இரவில் விளக்கு எரிப்பது இதனால்தான். தெருவிளக்கின் அடியில் படர்ந்த அவரைக்கொடி பூக்காமல் நின்றால் அந்த விளக்கின் மீதும் ஒரு கண் வைக்க வேண்டும்.

எல்லாச் செடியும் இப்படி இல்லை. கஞ்சாச் செடி இரவு நீண்டால் பூக்கும் இனம். ஆனால் கோடை குறுகிய ரஷ்யப் பகுதிகளில் வளரும் ஒரு வகை, இரவை எதிர்பாராமல் வயது வந்ததும் பூத்துவிடுகிறது. 1924-ல் யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலார் அதற்குத் தனிப்பெயர் சூட்டினார். அதை ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய 'தானே பூக்கும்' விதைகளை வெளிநாடுகளில் சிலர் வீட்டுக்குள் விளக்கொளியில் வளர்க்கிறார்கள். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, அனுமதியின்றி இச்செடியை வளர்ப்பவருக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தொட்டிச் செடிதானே என்ற பேச்சு அங்கே எடுபடாது.

நமக்கு வேண்டியது தானே பூக்கும் அவரை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 13, கோ (ஜிபி) 14 போன்ற குத்து அவரை ரகங்களும், பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் ரகங்களும் பட்டம் பாராமல் பூப்பவை. பந்தல் வேண்டாம். சுமார் 120 நாளில் பயிர் முடியும். பந்தல் அவரை ஓய்ந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வரத்துக் குறையும் காலத்தில் இதன் காய் கைகொடுக்கும்.

சிக்கல் விதையில்தான் வருகிறது. குத்து அவரை என்று கைமாறி வந்த விதையில் பந்தல் அவரையும் கலந்திருக்கலாம். விதையைப் பார்த்துச் சொல்வது கடினம். இதற்கு வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை உண்டு. ஆவணியில் நான்கு தொட்டிகளில், அல்லது அடியில் துளையிட்ட சிமெண்டு சாக்குகளில், செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவில் கலந்து நிரப்பி, தொட்டிக்கு இரண்டு விதை ஊன்றுங்கள். எல்லாத் தொட்டிக்கும் பகலில் நல்ல வெயில் கிடைக்க வேண்டும். இரண்டு தொட்டிக்கு மேல் மூன்றடி உயரத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை இரவு முழுவதும் எரியவிடுங்கள். மஞ்சள் ஒளி பல்பு நல்லது. மற்ற இரண்டும் விளக்கு வெளிச்சம் எட்டாத கொல்லைப்புறத்தில் இருக்கட்டும். ஒயரில் மழைத்தண்ணீர் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

விளக்கடிச் செடியும் இரண்டு மாதத்துக்குள் பூத்தால் விதை தானே பூக்கும் ரகம். கொல்லைப்புறச் செடி மட்டும் கார்த்திகை வாக்கில் பூத்து, விளக்கடிச் செடி கொடியாகவே ஓடினால் அது ஆடிப்பட்டத்துக்கு மட்டுமே உதவும். வைகாசி, ஆனியில் சோதித்தால் பகலே நீளம் என்பதால் விளக்கும் தேவையில்லை. எட்டு விதை கொஞ்சந்தான். கூடுதலாகப் பத்துப் பதினைந்து தொட்டி வைக்க முடிந்தால் கலப்பு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

விதை தேறினால் மார்கழிக் கடைசியிலோ தை முதல் வாரத்திலோ நிலத்தில் விதைக்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை. தானே பூக்கும் ரகம் இரவைத்தான் பொருட்படுத்தாது, வெயிலைப் பொருட்படுத்தும். சித்திரை வெயிலில் பூ உதிரும். ஆகவே மாசியிலேயே பூ பிடிக்கும்படி விதைப்பது நல்லது. ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, இரண்டடிப் பாரில் ஓரடிக்கு ஒன்றாக ஊன்றலாம். அசுவினி தென்பட்டால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். பூக்கும் சமயத்தில் தண்ணீர் தவறக்கூடாது. கிணற்றில் மாசி, பங்குனிக்குத் தண்ணீர் நிற்காது என்று தெரிந்தவர்கள் பரப்பைக் குறைத்துக் கொள்வதே மேல்.

பந்தல் உள்ளவர்கள் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆடி அவரை நெடுநாள் காய்ப்பதற்குக் குத்து அவரை ஈடாகாது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து நட்டு விதை எடுக்காதீர்கள். வண்டும் தேனீயும் ஓரளவு கலந்துவிடும். ரகம், விதை பற்றிய விவரங்களைக் காந்திகிராமம் வேளாண் அறிவியல் மையத்திலும், ரெட்டியார்சத்திரம் காய்கறி மகத்துவ மையத்திலும் கேட்கலாம்.