கரை முக்கியம்

தில்லி சத்தர்பூரின் பண்ணை வீடுகள் முதல் கோவா பங்களாக்கள் வரை, கொல்லைப்புற நீச்சல் குளம் வசதியின் அடையாளம். ஆனால் விருந்துக்கு வருகிறவர்களில் நீந்துபவர்கள் சிலரே. மற்றவர்களுக்குப் பொழுது போவது கரையில்தான். பணமோ பெரும்பாலும் குளத்திலேயே கரைந்துவிடுகிறது.

கரையில் கோட்டைவிடுவது கல் தேர்வில். மெருகேற்றிய கிரானைட்டும் கோட்டா கல்லும் வரவேற்பறைக்கு அழகு. ஈரக் காலுக்கு ஆபத்து. கறுப்புக் கல் என்றால் மே மாத வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது. ராஜஸ்தானின் வெளிர்நிற தோல்பூர் மணற்கல்லை மெருகேற்றாமல் பதித்தால் வழுக்கலும் குறையும், சூடும் குறையும். தளம் குளத்துக்கு எதிர்ப்புறமாக, அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். இல்லாவிட்டால் மழை பெய்ததும் கரையின் அழுக்கெல்லாம் குளத்துக்குள்.

அழகைவிட முக்கியம், காவல். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. விருந்து மும்முரத்தில் யாருக்கும் தெரியாது. குளத்தைச் சுற்றி 4 அடி உயர வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் கட்டாயம் தேவை. கல்லுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான்.

அடுத்தது தண்ணீர். 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி 4.5 அடி ஆழமுள்ள குளம் விழுங்குவது சுமார் 57,000 லிட்டர். பெங்களூர் தண்ணீருக்குத் தவித்த 2024 மார்ச்சில், நீச்சல் குளங்களில் குடிநீரை நிரப்ப அந்நகரக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. அப்படியொரு கோடையில் குளம் வெறும் பள்ளம். நிழலும் இருக்கையுமாக அமைத்த கரையில் மட்டும் விருந்து தொடரும்.