பேரம் பேசிய சிறுவன்

2015-இல் வந்த தமிழ்ப் படமான ‘தனி ஒருவன்’ மறு ஆண்டே தெலுங்கில் ‘துருவா’ ஆனது. ஜெயம் ரவி இருந்த இடத்துக்கு ராம் சரண் வந்தார். வில்லன் சித்தார்த் அபிமன்யு மட்டும் இரண்டிலும் அரவிந்த்சாமிதான்!

அந்தப் பாத்திரத்தை ‘தனி ஒருவன்’ இயக்குநர் மோகன் ராஜா சிறுவயதிலிருந்தே கட்டி எழுப்புகிறார். அரசியல்வாதி ஒருவரின் கொலைப்பழியைத் தான் ஏற்க, அப்பாவுக்கு எம்.எல்.ஏ. சீட் கேட்கிறான் பள்ளிச் சிறுவன். குரல் உயரவில்லை, மிரட்டல் வசனம் இல்லை. அவன் மூளையும் பசியும் அங்கேயே நமக்குப் புரிந்துவிடுகின்றன. நல்ல வில்லன் எழுத்து அதுதான். படத்தின் முடிவில் சாகும்போதும் சித்தார்த் கெஞ்சுவதில்லை. நாயகன் தேடிய ஆதாரத்தைத் தானாகவே விட்டுச் செல்கிறான்.